எழுதும் பெயரும் எழுதாத குடியும்

வங்கிப் படிவங்களில் ‘தாயாரின் கன்னிப் பெயர்’ என்றொரு கட்டம் இருக்கும். மட்டக்களப்புத் தமிழர் பலருக்கு அங்கே எழுதக் கிடைப்பது ஓர் எழுத்து மாற்றம்தான். அம்மாவின் பெயர் அதேதான்; கலியாணத்துக்கு முன் அதன் முன்னால் அவளுடைய தகப்பனின் முதலெழுத்து நின்றது, பிறகு கணவனின் முதலெழுத்து வந்தது. அதுவும் வழக்கத்தால் வந்த மாற்றமே, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. முஸ்லிம் பெண்களில் பெரும்பாலோர் அதைக்கூட மாற்றுவதில்லை. தகப்பன் பெயரோடே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தை உள்ளபடி நிரப்பக்கூடியவர்கள் வாவிக்கரையில் ஒரு சிறு சமூகத்தார். பறங்கியர்.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை எழுப்பினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரு தரப்பும் விட்டுப்போன சந்ததி ஒன்றாய்க் கலந்தது. மட்டக்களப்பில் பறங்கியர் வாழும் டச்சுபார் பக்கம் அவுட்ஸ்கோர்ன் என்ற ஒல்லாந்துச் சாயல் பெயரும் இருக்கிறது, ரோசைரோ என்ற போர்த்துக்கேயப் பெயரும் இருக்கிறது. ஆனால் இரு வீட்டாரும் பேசி வந்தது போர்த்துக்கேயக் கலப்பு மொழிதான். கோட்டையை ஒல்லாந்தர் வென்றார்கள், அடுப்படியைப் போர்த்துக்கேயம் வென்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. இன்று அந்த மொழியும் முதியவர்களோடு ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. தச்சு வேலை, இரும்பு வேலை என்ற பழைய தொழில்களும் முன்போல் இல்லை. குடும்பப் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தப் பெயர் ஆண் வழியாகவே இறங்குவது. ஒவ்வொரு கலியாணத்திலும் ஒரு பெண் தன் குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்கிறாள். பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் கடைசியில் கடல் கடந்து வந்த ஓர் ஆணிடம் போய்ச் சேருவோம். அவன் கைப்பிடித்த உள்ளூர்ப் பெண் யார், அவள் எந்த ஊரவள் என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

இதன் பக்கத்தில் குடியை வைத்துப் பாருங்கள். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று ஊர்ப் பெயர்களில் ஒட்டியிருக்கும் குடி வேறு. நான் சொல்வது தாய்வழிக் குடி. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று முக்குவர் என்ற சமூகத்தார் நடுவே வழங்குபவை இவற்றில் சில. வேளாளரிடமும் குடி உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. பிள்ளை தாயின் குடி. தாய் அவளுடைய தாயின் குடி. இதைப் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை, அடையாள அட்டை காட்டுவதில்லை. கலியாணத்தால் மாறுவதும் இல்லை.

ஆணின் பெயர் இதில் இல்லை என்று நினைக்க வேண்டாம். உலகிப்போடி என்பதே ஆண் பெயர். போடி என்றால் வயல்காரப் பெரிய மனிதர். பறங்கியரின் பெயரை ஆண்கள் சுமந்து வருகிறார்கள். இங்கேயோ ஓர் ஆணின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சுமந்து வருகிறார்கள். அவனுக்குப் பிறந்த மக்கள் அந்தக் குடியைச் சேர மாட்டார்கள், அவன் சகோதரியின் மக்கள்தான் சேர்வார்கள். வயிற்றுவாரம் என்று கிழக்கில் சொல்வது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

எனக்குச் சுவையாகப் படும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் ஆகாது. அவர்கள் அண்ணன் தங்கை முறை. அப்படியானால் ஒரு பெண்ணுக்குத் தகப்பன் எப்போதும் வேற்றுக் குடியான். கணவனும் வேற்றுக் குடியான். மச்சானைக் கட்டும் முறையில், மாமியின் மகன் கணவனாக வந்தால் அவன் தகப்பனின் குடியைச் சேர்ந்தவனாகவே இருப்பான். எனவே அவள் பெயருக்கு முன்னால் தகப்பன் எழுத்துப் போய்க் கணவன் எழுத்து வரும்போது, குடியின் கண்ணில் ஒரு வெளியாளின் எழுத்தை எடுத்துவிட்டு இன்னொரு வெளியாளின் எழுத்தை வைக்கிறார்கள், அவ்வளவே. பறங்கிப் பெண் குடும்பப் பெயரை மாற்றும்போது பெயரளவிலாவது ஒரு குடும்பத்தை விட்டு இன்னொன்றில் சேர்கிறாள். முக்குவப் பெண் எங்கேயும் போகவில்லை. வீடும் சீதனமாக அவளுக்கே எழுதப்படுகிறது. பெட்டியோடு வந்து ஏறுபவன் மாப்பிள்ளை. புகுந்த வீடு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் பொருள் தேடினால் அது ஆணுக்குத்தான் பொருந்தும்.

எழுதாததாக இருந்தாலும் குடி வெறும் நினைவு மட்டுமல்ல. கொக்கட்டிச்சோலை போன்ற பெருங்கோவில்களில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் பதவி குடிக்குரியது; பள்ளிவாசல்களை நிர்வகிக்கும் மரைக்காயரும் குடிவழி வந்தவர்களே. மாமன் விட்ட இடத்துக்கு மருமகன் வருவது பழைய முறை. திருவிழா எந்த நாள் எந்தக் குடிக்கு என்பதில் வழக்குகளே நடந்திருக்கின்றன. முக்குவர் சட்டம் என்று தாய்வழிச் சொத்துரிமைக்குத் தனிச் சட்டமும் இருந்தது. கிறிஸ்தோபர் பிரித்தோ அதைப் பற்றி 1876இல் நூலே வெளியிட்டார். அதே வருடம் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அந்த உரிமைமுறை செல்லாமல் போய்விட்டது. நூல் அச்சேறிய வருடமே விஷயம் பழங்கதையானது. சட்டம் போன பிறகும் சீதன வீடு போகவில்லை.

எழுதிய பெயருக்கும் எழுதாத குடிக்கும் உள்ள வேறுபாடு இடப்பெயர்வில்தான் பட்டென்று தெரிகிறது. 2004 சுனாமி டச்சுபாரை வாரிக்கொண்டு போனது. அதற்கு முன்பும் பின்பும் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பெயர் கடவுச்சீட்டிலேயே ஏறிப் போய்விட்டது. மெல்பேணில் பிறந்த பேரனும் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அதை எழுதுகிறான். ரொறன்ரோவுக்குப் போன மட்டக்களப்புப் பிள்ளையின் கடவுச்சீட்டிலோ தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, குடி அதில் இல்லை. கலியாணப் பேச்சு வரும்போது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் குடி ஒன்றா என்று பார்க்க வேண்டுமானால் பெயரைப் பார்த்துப் பயனில்லை. தாயைக் கேட்க வேண்டும். தாய்க்கும் நிச்சயமில்லை என்றால் ஊரில் இருக்கும் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தொலைபேசி எடுக்க வேண்டும்.