ஞானஸ்நானமும் நெருக்கடி நிலையும்: பெங்களூரில் நடந்த ஒரு திருச்சபை விவாதம்

தென்னிந்தியச் சீர்திருத்தத் திருச்சபைகளின் அறிவு வாழ்வில் பெங்களூருக்கு உள்ள இடம், பல மிஷன் சங்கங்கள் கூடி 1910-இல் நிறுவிய ஐக்கிய இறையியல் கல்லூரியாலும், 1957-இல் அந்நகரில் தோன்றிய கிறிஸ்தவ சமய, சமூக ஆய்வு நிறுவனத்தாலும் அமைந்தது. விடுதலை பெற்ற நாட்டில் கிறிஸ்தவரின் கடமை என்ன, பிற சமயத்தாரோடு அவர்கள் எவ்வாறு உரையாடுவது என்னும் கேள்விகளுக்காகவே உருவான அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர், சென்னையில் பிறந்து அக்கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்த பால் தேவானந்தன். 1962-இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற எம். எம். தாமஸ், மார்த்தோமா சபையின் பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் பெறாத விசுவாசி. இளமையில் அவர் குருப்பட்டம் வேண்டியபோது, மார்க்சியச் சாய்வு உடையவர் என்று சபை மறுத்தது. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர விழைந்தபோது, கிறிஸ்தவ விசுவாசி என்று கட்சி மறுத்தது. அவரே பின்னர் 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

அவரோடு வாதிட்டவர் பேராயர் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து மிஷனரியாக 1936-இல் வந்து, காஞ்சிபுரம் வட்டாரத்தில் பணிசெய்து, தமிழில் ஆழ்ந்த பயிற்சி பெற்ற இவர், 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான நாளில் தம் 37-ஆம் வயதில் மதுரை–இராமநாதபுரம் பேராயரானார். பேராயர் பதவியே இல்லாத பிரெஸ்பிட்டீரியன் மரபைச் சேர்ந்த ஒருவர் பேராயரானது, 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கி 28 ஆண்டுகள் நீடித்த இணைப்புப் பேச்சுகளின் விளைவு. திருத்தூதர் காலந்தொட்டு அறுபடாமல் வரும் பேராயர் வரிசையே சபையின் அடையாளம் என்று கருதிய இங்கிலாந்து ஆங்கிலிக்கர் பலர் இதை ஏற்கவில்லை. கவிஞர் டி. எஸ். எலியட்டும் 1943-இல் இத்திட்டத்தைக் கண்டித்துச் சிறுநூல் எழுதினார்.

பெங்களூர் விவாதத்தின் மையம் ஞானஸ்நானம். இந்தியாவில் அது சமயச் சடங்கு மட்டுமன்று. அதனைப் பெற்றவரின் திருமணமும் வாரிசுரிமையும் வேறு சட்டங்களின்கீழ் வருகின்றன என்பதோடு, 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி, தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமைகளையும் இழக்கிறார். ஐக்கிய இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்த டென்மார்க்கு அறிஞர் காய் பாகோ, கிறிஸ்துவுக்கு உரியவராக இருப்பதற்கு இந்து ஒருவர் கிறிஸ்தவச் சமுதாயத்திற்குள் வந்தே தீரவேண்டுமா என்று 1966-இல் கேட்டார். தாமஸ் 1971-இல் வெளியிட்ட, மீட்பையும் மானுட மேம்பாட்டையும் பற்றிய சிறுநூலில் அக்கேள்வியை முன்னெடுத்து, கிறிஸ்துவை மையமாகக் கொண்ட ஐக்கியம் சபைக்கு வெளியே, இந்துச் சமுதாயத்திற்கு உள்ளேயும் உருவாகலாம் என்றும், சமுதாய மாற்றத்திற்கான போராட்டங்களில் கிறிஸ்துவின் செயலைக் காணலாம் என்றும் வாதிட்டார். கிறிஸ்துவின்மேல் கொண்ட பற்றே இறுதியானது என்றால், அது கண்ணுக்குத் தெரியும் ஒரு சமூக வடிவம் பெற்றே ஆகவேண்டும் என்பது நியூபிகினின் மறுமொழி. இருவரின் கடிதங்களும் நிறுவனத்தின் காலாண்டிதழிலேயே 1972-இல் அச்சேறின. தம்மை மறுப்பவரின் கூற்றைத் தம் ஏட்டிலேயே முழுமையாக வெளியிடும் இப்பண்பு, வழக்கு மன்றங்களில் சபைச் சச்சரவுகளைத் தீர்த்துக்கொள்ளப் பழகிய பிற்காலத்தாருக்கு அரிதாகவே வாய்த்தது.

இக்கருத்துகளைச் சோதித்த காலம் விரைவிலேயே வந்தது. 1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின் பெரும்பாலான திருச்சபைத் தலைவர்கள் வாய் திறக்கவில்லை. கைதிகளை விடுவிக்கவும் கருத்துரிமையை மீட்கவும் கோரிப் பிரதமருக்கு எழுதிய மார்த்தோமா சபைத் தலைவர் யூகானோன் மார்த்தோமா இதற்கு அரிய விதிவிலக்கு. தாமஸ் 1975 ஜூலை முதல் 1977 பிப்ரவரி வரை எழுதிய எதிர்ப்புக் கட்டுரைகள் 1979-இல் நூலாக வந்தன. பெங்களூர் நகரம் நெருக்கடி நிலையின் கொடுமையை நேரே கண்டது: கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நடிகை சினேகலதா ரெட்டி, நெருக்கடி நிலையை எதிர்த்துத் தலைமறைவாயிருந்த சோசலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டசின் நட்பு காரணமாக 1976-இல் கைதாகி, பெங்களூர் மத்தியச் சிறையில் ஆஸ்துமாவோடு எட்டு மாதம் வாடி, பரோலில் வெளிவந்த சில நாட்களில் 1977 ஜனவரி 20-இல் இறந்தார். பெர்னாண்டசே அந்நகரின் புனித பேதுரு குருமடத்தில் குருத்துவப் பயிற்சி பெற்றவர். பயிற்சி மாணவர்களுக்கு ஓர் உணவும், உயர்ந்த மேசையில் அமர்ந்த அதிபர்களுக்கு அதனினும் நல்ல உணவும் பரிமாறப்பட்டதைக் கண்டு மனம் வெறுத்து வெளியேறியதாகப் பின்னாளில் கூறினார்.

இவற்றைக் கொண்டு நோக்கினால், கண்ணுக்குத் தெரியும் சபையே சாட்சியத்தின் இருப்பிடம் என்ற நியூபிகினின் உறுதி 1975-இல் பெரும் சோதனைக்குள்ளானது என்றே கூறவேண்டும்; அந்தச் சபையின் நிறுவனங்கள் மௌனமாயிருக்க, குருப்பட்டம் மறுக்கப்பட்டவரும் குருமடத்தை விட்டு வெளியேறியவரும் பேசினர். ஆயினும் பேசிய பேராயர் ஒருவரின் சொல்லுக்கு எடை தந்தது அவருக்குப் பின்னால் நின்ற சபையே என்பதால், நியூபிகினின் வாதம் அடியோடு வீழ்ந்துவிடவில்லை. ஞானஸ்நானம் சார்ந்த சட்டச் சிக்கலோ அப்படியே நிற்கிறது: 1950-ஆம் ஆண்டு ஆணை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் தளர்த்தப்பட்டபோதிலும், தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை தளர்த்தப்படவில்லை.