கைவினையும் வாணிகமும்: ஒரு மோட்டார் சைக்கிளின் வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு மலர்களில் மன்னர்களின் வரலாற்றையும் கோயில்களின் வரலாற்றையும் எழுதுவோர் பலர் உளர். இரும்பின் வரலாற்றை எழுதுவோர் அரியர். இரயில்வேப் பணிமனையில் எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு, பட்டறையில் உருவாகும் பொருளும், அதனை உருவாக்கிய கையும், அதற்குக் கிடைத்த விலையும் வரலாறாகவே தோன்றுகின்றன. ஆதலின், வாங்குவோர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே செய்து தரப்பெற்ற மோட்டார் சைக்கிள் ஒன்றின் கதையை ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நாட்டிங்காம் நகரில் வில்லியம் பிரஃப் என்பவர் மோட்டார் சைக்கிள்கள் செய்து விற்று வந்தார். அவர் மகன் ஜார்ஜ் பிரஃப் தந்தையினின்றும் பிரிந்து, 1919-ஆம் ஆண்டில் அதே நகரில் தனிப் பட்டறை கண்டார். தம் வண்டிக்கு அவர் இட்ட பெயர் ‘பிரஃப் சுப்பீரியர்’. ‘உயர்ந்த பிரஃப்’ என்பது அதன் பொருள். அப்படியாயின் தம்முடைய வண்டி தாழ்ந்த பிரஃப் ஆகிவிட்டது போலும் என்று தந்தை கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. முதல் வண்டி வெளிவருமுன்னரே வாணிகம் பட்டறைக்குள் புகுந்துவிட்டது. ‘உயர்ந்தது’ என்பது விளம்பரச் சொல் அன்றோ?

ஜார்ஜ் தம் வண்டியின் உறுப்புகள் அனைத்தையும் தாமே செய்தாரல்லர். எஞ்சினைப் பெரும்பாலும் ஜே. ஏ. பிரஸ்ட்விச் நிறுவனத்தாரிடமிருந்தும், பிற்காலத்தில் மாட்ச்லெஸ் நிறுவனத்தாரிடமிருந்தும் விலைக்கு வாங்கினார். கியர் பெட்டி ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தாருடையது. பிறர் செய்தவற்றை வாங்கிப் பூட்டுகின்றவரைக் கைவினைஞர் என்று எங்ஙனம் சொல்லலாம் என அன்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதற்கு விடை அவர் பூட்டிய முறையில் இருக்கின்றது.

ஒவ்வொரு வண்டியும் அங்கே இருமுறை பூட்டப்பெற்றது. முதன்முறை, வண்ணமோ முலாமோ இல்லாத வெற்று உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பர். எல்லாம் பொருந்திய பின்னர் முழு வண்டியையும் கழற்றி, வண்ணம் பூச வேண்டியவற்றுக்கு வண்ணம் பூசி, முலாம் இட வேண்டியவற்றுக்கு முலாம் இட்டு, இரண்டாம் முறை பூட்டுவர். ஒருவர் விரும்பிய அமைப்பு மற்றொருவர் வண்டியில் இராது. இரண்டு வண்டிகள் முற்றும் ஒத்திருத்தல் அரிது. வண்டிதோறும் ஓர் அட்டை எழுதி வைத்தனர். அவ்வட்டைகள் பல இன்றும் அழியாமல் உள்ளன என்பது கணக்கெழுதிப் பிழைக்கும் என் போன்றோர்க்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. இரும்பு துருப்பிடித்த பின்னும் காகிதம் சான்று சொல்லுகின்றது.

1923-இல் வெளிவந்த ‘எஸ். எஸ். 80’ மணிக்கு 80 மைல் ஓடும் என்று ஜார்ஜ் உறுதி கூறினார். அடுத்த ஆண்டு அறிமுகமான ‘எஸ். எஸ். 100’ வண்டியுடன், அது 100 மைல் வேகம் கண்டது என்னும் உத்தரவாதப் பத்திரமும் வழங்கப்பெற்றது. பழுதுபார்த்த எஞ்சினை ஓட்டிப் பார்த்த பின்னரே எங்கள் பணிமனையிலும் கையொப்பம் இடுவர். ஆனால் அக்கையொப்பம் ஒரு பதவியினுடையது. இங்கே பத்திரத்துக்குப் பொறுப்பானவரின் பெயரே வண்டியின் எண்ணெய்த் தொட்டியிலும் எழுதப்பட்டிருந்தது. பிறர் செய்த எஞ்சின் பழுதுற்றாலும் பழி அவரையே சாரும். அவருடைய கைவினை இதுவே என்று நான் கொள்கின்றேன்.

விலையோ மிக அதிகம். 1925-இல் எஸ். எஸ். 100 ஏறத்தாழ 170 பவுன். அத்தொகைக்கு ஒரு சிறு காரே வாங்கலாம். எனவே 1919 முதல் 1940 வரை அப்பட்டறையினின்றும் வெளிவந்தவை மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வண்டிகளே. அவற்றுள் எஸ். எஸ். 100 வகை 400-க்கும் குறைவு.

இவ்வண்டியை ‘மோட்டார் சைக்கிள்களுள் ரோல்ஸ் ராய்ஸ்’ என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். ஜார்ஜ் அதனை விடாது பற்றிக்கொண்டு விளம்பரத்திற் சேர்த்தார். தம் பெயரை இன்னொருவர் எடுத்தாளுகின்றாரே என்று ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தார் ஓர் அலுவலரை அனுப்பினராம். அவர் வந்த வேளையில் தொழிலாளர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தனராம். அக்காட்சியில் மயங்கி அவர் இசைவு தந்துவிட்டார் என்பது கதை. உண்மையில் அவை கண்காட்சிக்கு அனுப்பவிருந்த வண்டிகள். விரல் தடம் படலாகாது என்பதற்காகவே அன்று கையுறை! கதை முழுதும் மெய்யோ அன்றோ, ஜார்ஜ் பிரஃப் தேர்ந்த வணிகரும் ஆவார் என்பதை அது நன்கு காட்டுகின்றது. வாணிகத்தை வெறுத்து ஒதுங்கிய தவசியாக அவரை வரைவோர் அவருக்கு நியாயம் செய்தவராகார்.

அவ்வண்டிகளை வாங்கியோருள் பெரும்புகழ் பெற்றவர், அரபு நாட்டுப் போரில் பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ். ஒன்றன் பின் ஒன்றாக ஏழு வண்டிகள் வைத்திருந்தார், எட்டாவதற்கும் சொல்லியிருந்தார். இவர் 1927-இல் நம் நாட்டுக்கு வந்து, அக்காலத்தில் இந்தியாவைச் சேர்ந்திருந்த கராச்சியின் விமானப்படை நிலையத்தில் எஞ்சின் பழுதுபார்க்கும் பிரிவில் எழுத்தராக வேலை பார்த்தார் என்பது நம்மவருள் பலர் அறியாதது. எழுத்தர் குலத்துக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்! 1935 மே 13-ஆம் நாள், இங்கிலாந்தில், சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமல் வண்டியைத் திருப்புகையில் வீழ்ந்து, ஆறு நாட்களில் உயிர் நீத்தார். அவருக்குச் சிகிச்சை செய்தோருள் ஒருவரான மருத்துவர் ஹியூ கேர்ன்ஸ், பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்தார். இன்று நாம் அணியும் தலைக்கவசம் பரவுவதற்கு அவ்வாராய்ச்சி பெரிதும் துணை செய்தது.

1938-இல் ஜார்ஜ் ‘கோல்டன் டிரீம்’ என்னும் புதுவகை வண்டியைப் பொன்வண்ணத்தில் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். நான்கு சிலிந்தர் கொண்ட அது பெருமளவில் வெளிவருமுன்னரே போர் மூண்டது. பட்டறை போர்விமான எஞ்சின்களுக்கு உறுப்புகள் செய்யும் பணிக்குத் திரும்பியது. போர் முடிந்தபோது அவர் தரத்துக்கேற்ற எஞ்சினை விற்பார் எவரும் இல்லை. கிடைத்ததைப் பூட்டித் தம் பெயரை எழுதி விற்றிருந்தாலும் வாங்குவோர் இருந்திருப்பர். அவர் அதனைச் செய்யவில்லை. 1970-இல் மறையும் வரை மீண்டும் ஒரு மோட்டார் சைக்கிள் விற்றாரல்லர்.

பெயர் மட்டும் விலைபோவது நின்றபாடில்லை. 2008-இல் அவ்வணிகப் பெயர் கைமாறி, பின்னர் பிரான்சில் அதே பெயரில் புதிய வண்டிகள் எழுந்தன. 2016-இல் கார்ன்வால் பகுதியில் பல்லாண்டுகள் கேட்பாரற்று மக்கிக் கிடந்த எட்டுப் பழைய வண்டிகள் ஏலத்திற்கு வந்தபோது, ஒன்று மட்டுமே 3 இலட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. அவற்றைப் பூட்டிய தொழிலாளியின் ஒரு வாரக் கூலி எவ்வளவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

சொந்த எஞ்சின் இருந்தால் பிழைத்திருக்கலாம் எனின், அதுவும் உறுதியன்று. ஸ்டீவனேஜ் ஊரில் ஃபிலிப் வின்சென்ட் என்பவர் தம் எஞ்சினைத் தாமே செய்வித்து, 125 மைல் வேகம் செல்லும் ‘பிளாக் ஷேடோ’வை 1948-இல் வெளியிட்டார். நட்டம் தாங்காது 1955 டிசம்பரில் அங்கும் மோட்டார் சைக்கிள் வேலை நின்றது.

அதே 1955-ஆம் ஆண்டில்தான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கிற்று. இந்தியப் படைக்கு வேண்டிய 350 சி. சி. புல்லட் வண்டிகளே அதற்கு வித்து. இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பூட்டத் தொடங்கி, சில ஆண்டுகளுள் உறுப்புகளையும் இங்கேயே செய்தனர். ஒருவர் கைக்கு அளந்து செய்ததன்று அவ்வண்டி. படைக்கும் காவல் துறைக்கும் ஒரே அச்சாகச் செய்தது. ஜார்ஜ் பிரஃப் கண்டிருந்தால் சரக்கு என்றே சொல்லியிருப்பார். ஆயினும், அத்தொழிற்சாலையில் எண்ணெய்த் தொட்டியின் பக்கங்களில் ஓடும் பொற்கோடுகளை மட்டும் நெடுங்காலம் கையினாலேயே தீட்டி வந்தனர். அளவுகோல் இல்லை; அச்சுத் தகடு இல்லை. தூரிகையைத் தோய்த்து, மூச்சை அடக்கி, வளைவைச் சுற்றி ஒரே இழுப்பு. அடுத்த தொட்டி அதற்குள் வந்து நிற்கும்.