குகை இருளில் புகைப்படம்

1861-ஆம் ஆண்டில் நாதார் என்னும் பிரெஞ்சுக்காரர், மின்விளக்குடன் பாரீஸ் நகரின் எலும்புச் சுரங்கங்களில் இறங்கிப் படம் பிடித்தார். ஒரு படத்திற்கு 18 நிமிடம்வரை ஆயிற்று. அத்தனை நேரம் அசையாது நிற்க மனிதரால் ஆகுமோ? ஆட்களுக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தினார்.

இந்தியாவில் இவ்வேலைக்கு இடம் அஜந்தாக் குடைவரைகள். சென்னைப் படை அதிகாரி ராபர்ட் கில் 1844 முதல் அங்குள்ள சுவரோவியங்களை வண்ணத்தில் பிரதி எடுத்தார். பின்னர் கேமராவையும் கையாண்டார். அப்படங்கள் 1864-இல் பெர்குசன் எழுதிய விளக்கத்துடன் நூலாயின. அன்றைய கேமரா நிறமறியாதது; தூணும் சிற்பமுமே அதற்கு வசப்பட்டன. நிறத்தைக் காத்திருக்க வேண்டிய கில்லின் பிரதிகளோ, லண்டனையடுத்த பளிங்கு மாளிகையில் 1866-இல் மூண்ட தீயில் பெரும்பாலும் அழிந்தன.

1872-இல் ஜான் கிரிபித்ஸ் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவருடன் மீண்டும் தொடங்கினார். அவற்றுள்ளும் பல 1885-இல் லண்டனில் எரிந்தன. இழப்பு அதனோடு நிற்கவில்லை. ஓவியம் தெளிவாகத் தெரியச் சுவரில் பூசிய வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்து, மூலத்தையே மங்கச் செய்தது. சுவரைத் தொடாத வேலை கேமராவினுடையது ஒன்றே.