தீராக் களைப்பு: ஒரு நோயின் வரலாறும் நம் மரபின் வழிகாட்டலும்



காய்ச்சல் தணிந்து பல மாதங்கள் கடந்த பின்னும் எழுந்து நடமாட இயலாதோர் நம் குடும்பங்களில் உண்டு. இரவு முழுவதும் உறங்கியும் காலையில் உடல் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். ஒரு நாள் சற்று உழைத்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் படுக்கையே கதி. இரத்தப் பரிசோதனையிலோ குறை ஒன்றும் தெரியாது. இத்தகையோருக்கு ஊரார் எளிதில் சூட்டும் பெயர் சோம்பேறி. மருமகளாக இருந்துவிட்டால், வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள் என்ற பழியும் சேரும். சிலர் ஜின் என்றும் செய்வினை என்றும் சொல்லி அலைக்கழிப்பர். இந்நிலைக்கு மருத்துவ உலகில் ஒரு பெயரும் நெடிய வரலாறும் உள்ளன. அவ்வரலாற்றை அறிவது நோயாளிக்கு நாம் செய்யும் முதல் நீதியாகும்.

நம் முன்னோர் கண்ட களைப்பு

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதின் அறிஞர்கள் கிரேக்க மருத்துவ நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தனர். அந்த அடித்தளத்தின் மீது நம் மருத்துவர்கள் தம் ஆய்வுகளைக் கட்டி எழுப்பினர். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். உடல் வருந்தினால் உள்ளமும், உள்ளம் வருந்தினால் உடலும் நலிவுறும் என்பது அவர் கருத்து.

இப்னு ஸீனா (980-1037) தம் 'அல்கானூன் ஃபித்திப்' நூலில் களைப்பிற்கென்று தனி இடம் ஒதுக்கினார். அரபியில் அதன் பெயர் 'இஃயா'. உழைப்பினால் வரும் களைப்பையும், உழைப்பே இன்றித் தானாக வரும் களைப்பையும் அவர் வேறுபடுத்தினார். தானாக வரும் களைப்பை நோயின் முன்னறிவிப்பாகக் கருதினார். ஓய்வு, எண்ணெயிட்டு மென்மையாகத் தேய்த்தல், இதமான நீராடல், எளிதில் செரிக்கும் உணவு ஆகியவை அவர் கூறிய பரிகாரங்கள். காற்று, உணவும் நீரும், உடலின் இயக்கமும் ஓய்வும், உள்ளத்தின் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகளின் தேக்கமும் வெளியேற்றமும் என்ற ஆறும் சீராக இருக்க வேண்டும் என்பது யூனானி மருத்துவத்தின் அடிப்படை. இன்று நாம் பேசும் நோயை அவர்கள் அறிந்திருந்தனர் என்று உரிமை கொண்டாடுவது முறையன்று. ஆயினும் களைப்பைக் குணக்கேடாகக் கருதாமல், உடலின் நிலையாகக் கருதி ஆராய்ந்தனர் என்பது உறுதி.

லண்டனில் நடந்தது

1955ஆம் ஆண்டு ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மர்ம நோய் பரவியது. மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட ஊழியர் 292 பேர் பாதிக்கப்பட்டனர். மருத்துவமனையே அக்டோபர் வரை மூடப்பட்டது. பலர் தேறினர், சிலரோ ஆண்டுக்கணக்கில் தசைவலியும் கடுஞ்சோர்வும் நீங்காமல் துன்புற்றனர். மறு ஆண்டு இந்நோய்க்கு 'மயால்ஜிக் என்செஃபலோமயலிடிஸ்' என்ற பெயர் முன்மொழியப்பட்டது. 1969இல் உலக சுகாதார நிறுவனம் இதனை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது.

ஆனால் 1970இல் மனநல மருத்துவர் இருவர், இது கூட்டு மனப்பிறழ்வு என்று எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. பழைய குறிப்பேடுகளைப் பார்த்தார்களேயன்றி, நோயாளி ஒருவரையும் அவர்கள் நேரில் கண்டு விசாரிக்கவில்லை. அந்த ஒரு கருத்து நோயாளிகளைப் பல்லாண்டுகள் வாட்டியது.

1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'க்ரானிக் ஃபெடீக் சிண்ட்ரோம்', அதாவது நாட்பட்ட சோர்வு நோய்க்குறி என்ற பெயரை வழங்கினர். 2015இல் அந்நாட்டின் மருத்துவக் கழகம் இது உடலின் பல மண்டலங்களைத் தாக்கும் உண்மையான நோய் என்று அறிவித்து, அடையாளங்களையும் வரையறுத்தது. ஆறு மாதங்களுக்கு மேலாக, ஓய்வினால் நீங்காத சோர்வோடு அன்றாட வாழ்வு முடங்குதல். சிறு உழைப்பிற்குப் பிறகும் நிலை மோசமாதல். உறங்கியும் புத்துணர்வின்மை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவற்றோடு மறதி முதலிய அறிவு மந்தமோ, எழுந்து நின்றால் தலைசுற்றல் முதலிய தொல்லைகள் கூடுவதோ இருக்க வேண்டும்.

நம் நாட்டில்

சிக்குன்குனியாவை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1964இல் சென்னையைத் தாக்கிய அக்காய்ச்சல், நெடுங்காலம் மறைந்திருந்து 2005இன் இறுதியில் மீண்டும் இந்தியாவில் தலைகாட்டியது. 2006இல் மட்டும் நாடெங்கும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு அந்நோய் இருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. காய்ச்சல் சில நாட்களில் நீங்கியும், மூட்டுவலியும் சோர்வும் மாதக்கணக்கில் தொடர்ந்தவர் பலர்.

அதே 2006இல் ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. சிக்குன்குனியாவின் உறவு வைரஸான ராஸ் ரிவர் உட்பட மூன்று வகைத் தொற்றுகளால் நோயுற்ற 253 பேரை அது பின்தொடர்ந்தது. ஆறு மாதங்களுக்குப் பின்னும் சுமார் 12 விழுக்காட்டினர் சோர்வில் உழன்றனர். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதைப் பெரும்பாலும் முன்னறிவித்தது தொற்றின் கடுமையே. அவர்களின் மனப்பாங்கு அன்று. கொரோனாவிற்குப் பிறகு நம்மிடையே பலர் இதனை நேரில் அனுபவித்தனர்.

எல்லா நீண்ட களைப்பும் இந்நோயாகிவிடாது. 2005இல் வெளியான கோவா ஆய்வு 2,494 பெண்களிடம் விசாரித்தது. அவர்களுள் 12.1 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்கு மேலாகக் களைப்பால் வருந்தினர். இரத்தசோகையோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. கடன், பசி, கணவனின் வன்முறை, மனத்துயர் ஆகியவற்றோடு தொடர்பு இருந்தது. களைத்த பெண்ணின் உடலை மட்டுமன்றி, அவள் வாழும் வீட்டையும் நாம் கவனிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மார்க்கம் தரும் இடம்

நோயாளியின் சொல்லை மருத்துவ உலகம் ஐயுற்ற காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நம் ஃபிக்ஹு அறிஞர்கள் அச்சொல்லுக்கு மதிப்பளித்தனர். நோன்பினால் நோய் கூடும் என்பதை அறியும் வழிகளுள், நேர்மையான மருத்துவரின் கூற்றோடு நோயாளியின் சொந்த அனுபவத்தையும் ஹனஃபி நூல்கள் ஏற்கின்றன. குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களாச் செய்யலாம். அந்நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா வழங்கலாம். தம் நிலை இவற்றுள் எது என்பதை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெளிய வேண்டும்.

மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஓயாது வணங்கிய அபூ தர்தா (ரலி) அவர்களிடம், ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையை வழங்குமாறு ஸல்மான் (ரலி) அவர்கள் கூறியதை நபியவர்கள் உறுதி செய்தார்கள். உடல் நலத்தோடு இருந்தபோது செய்த அமல்களின் நன்மை நோயுற்ற காலத்திலும் எழுதப்படும் என்ற செய்தியும் புகாரியில் உள்ளது. எழ முடியாத சகோதரிக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் ஏது?

செய்ய வேண்டியவை

முதலில் மருத்துவரைக் காண வேண்டும். இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, காசநோய், பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் களைப்பைத் தரும்; அவற்றிற்குச் சிகிச்சை உண்டு. மங்கலம்பேட்டைப் பகுதியினர் சிதம்பரத்திலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியையோ புதுச்சேரி ஜிப்மரையோ நாடலாம்.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆதலால் முழுக் குணம் என்று உறுதியளிக்கும் விளம்பரங்களில் பணத்தை இழக்க வேண்டாம். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறலாம் என்பது ஒரு காலத்தில் அளிக்கப்பட்ட அறிவுரை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் அதனைக் கைவிட்டு, ஒவ்வொருவரும் தம் ஆற்றலின் எல்லைக்குள் வாழப் பழகுவதை வலியுறுத்தியது. வேலைகளைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், களைப்பு வருமுன் ஓய்வெடுத்தல், அமர்ந்தபடி உளூச் செய்தல், உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தல், எளிய சத்துணவு, நிற்கையில் தலைசுற்றுவோருக்கு மருத்துவர் கூறும் அளவில் நீரும் உப்பும் ஆகியவை பயன் தரும். யூனானி முதலிய முறைகளை நாடுவோர் பட்டம் பெற்ற மருத்துவரிடமே செல்வதும், உண்ணும் பிற மருந்துகளை அவரிடம் தெரிவிப்பதும் அவசியம்.

வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நம்புதல். இன்று நன்றாக நடந்தாயே, நாளை ஏன் படுத்தாய் என்று கேட்காதிருத்தல். நேற்றைய நடையே இன்றைய படுக்கைக்குக் காரணமாக இருக்கலாம். ஒரு நேரச் சமையலை மகன் ஏற்றால் தாய் ஒரு நாளை மீட்டுக் கொள்வாள்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பரிபூரண ஷிஃபாவை அருள்வானாக! அவர்களை ஐயுறாது அரவணைக்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.