தூக்கம் வராத இரவு வகுப்பு

பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவு வகுப்புக்கு வருபவருக்குக் கண் சொருகுவது இயற்கை. அவரிடம் குழந்தைகளின் பாடப்புத்தகத்தை நீட்டினால் மறுநாள் வரமாட்டார்! இதை நன்கு உணர்ந்தவர் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே.

1963-ம் ஆண்டு வடகிழக்கு பிரேசிலில் அஞ்சிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு அவரது முறையில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. கற்பித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். முதலில் ஊர் மக்கள் அன்றாடம் பேசும் சொற்களைச் சேகரித்தார்கள். பிறகு அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் படங்களைச் சுவரில் காட்டி விவாதிக்க வைத்தார்கள். பேச்சு சூடுபிடித்த பிறகே எழுத்து வந்தது.

உதாரணமாக, 'திஜோலோ' (செங்கல்) என்ற சொல்லை இந்த முறையில் தி-ஜோ-லோ என்று பிரிப்பார்கள். 'தி'யிலிருந்து த, தெ, தி, தொ, து என நம் உயிர்மெய் வரிசை போலவே ஒரு வரிசை கிடைக்கும். மற்ற எழுத்துகளுக்கும் அப்படியே. அவற்றைக் கலந்து மாணவர்களே புதுச் சொற்களை உருவாக்குவார்கள். வேலை கையில் இருக்கும்போது தூக்கம் எப்படி வரும்?

சுமார் 40 மணி நேர வகுப்பிலேயே பலர் எழுதப் படிக்கக் கற்றனர். நிறைவு வகுப்புக்கு அதிபர் ஜோவோ குலார்ட்டே வந்தார்.

அன்று பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. அதனால் தேறிய ஒவ்வொரு மாணவரும் ஒரு புதிய வாக்காளர்! 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தேசிய எழுத்தறிவுத் திட்டம் ரத்தானது. ஃபிரெய்ரேக்குச் சுமார் 70 நாள் சிறை. பிறகு 1980 வரை வெளிநாட்டு வாழ்க்கை. எழுத்தறியாதோருக்கு வாக்குரிமை 1985-ல்தான் வந்தது.

சொந்த வாழ்க்கையே பாடமானால் மாணவர் விழித்துக்கொள்வார். ராணுவ ஆட்சி பயந்ததும் அந்த விழிப்புக்குத்தான்.