ஒரு கைனேஸின் வரலாறும் அதன் உரிமையாளர்களும்

விஞ்ஞான வரலாறு எழுதுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு நாயகன் தேவைப்படுகிறான். க்ளிவெக் மாத்திரையின் கதையும் அப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. அதே மாதம் 'டைம்' பத்திரிகை மாத்திரைகளை அட்டையில் போட்டு, புற்றுநோய்க்கு எதிரான போரில் புதிய தோட்டாக்கள் என்று கொண்டாடியது. போர், தோட்டா, இலக்கு என்கிற இந்தச் சொல்லாடலுக்குள் யாரெல்லாம் காணாமல் போனார்கள் என்று பார்க்கத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் செல்களில் மிகக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். ஊர்ப் பெயரே அதற்குப் பெயராச்சு. ஒரு புற்றுநோயோடு விடாமல் கூடவே வருகிற குரோமோசோம் அடையாளம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. குறைந்துபோன துண்டு எங்கே போச்சு என்பது தெரிய மேலும் 13 வருஷம் ஆனது. சிகாகோவில் ஜேனட் ரௌலி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தவர், குரோமோசோம் புகைப்படங்களைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். 22ஆம் குரோமோசோமின் துண்டு 9ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்களாம். நாயகர் வரலாற்றில் அந்த மேசைக்கு ஒரு வேடிக்கைத் துணுக்கு என்கிற இடம்தான். ஆய்வுக்கூடம் வேறு, வீடு வேறு என்று கட்டி வைத்திருக்கிற பிரிவினை அங்கே குலைந்துபோனதை யாரும் பேசுவதில்லை.

1980களில் முடிச்சு அவிழ்ந்தது. இடம் மாறிய துண்டுகளால் இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொண்டு பிசிஆர்-ஏபிஎல் என்கிற ஒட்டுப் புரதத்தை உண்டாக்குகின்றன. இது ஒரு கைனேஸ். ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டுகிற நொதிக்குத்தான் புரோட்டீன் கைனேஸ் என்று பெயர். மனித உடம்பில் 500க்கும் மேல் இருக்கின்றன. செல்லைப் பெருகு என்றும் நில் என்றும் சொல்கிற பேச்சில் பெரும்பங்கு இவை வழியாகத்தான் நடக்கிறது. சாதாரண ஏபிஎல் வேலை முடிந்தால் அடங்கிவிடும். ஒட்டுப் புரதம் அடங்காது. 1990இல் இந்த ஜீனை எலிகளின் மஜ்ஜையில் ஏற்றியபோது அவற்றுக்கும் அதே மாதிரியான நோய் வந்தது. நோயின் அடையாளமும் காரணமும் ஒன்றாகவே இருப்பது அபூர்வம். வேறு பல நோய்களில் அளவு கூடித் தெரிகிற கைனேஸ்கள் வெறும் சாட்சிகள். அவற்றைக் குற்றவாளி என்று பிடித்து அடைத்தால் நோய் தீராது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் முதலானவர்கள், ஏ.டி.பி. உட்காருகிற பள்ளத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிற மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். எல்லா கைனேஸ்களிலும் அந்தப் பள்ளம் இருப்பதால் ஒன்றை மட்டும் அடைக்க முடியாது என்பதுதான் அன்றைய பொதுப்புத்தி. ஆரெகனில் பிரையன் ட்ரூக்கர் அதை லுகேமியா செல்களில் சோதித்தார். 1996இல் முடிவு வெளியானது. அதே வருஷம் சிபா-கெய்கியும் சாண்டோஸும் சேர்ந்து நோவார்ட்டிஸ் உருவானது. நோயாளிகள் குறைவு, சந்தை சின்னது என்று கம்பெனிக்குத் தயக்கம். 1998 ஜூனில்தான் முதல் நோயாளிக்கு மருந்து கொடுத்தார்கள். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்கள் பழைய அளவுக்குத் திரும்பின. பிறகு மருந்துக்குத் தட்டுப்பாடு. 1999இல் 3,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டுக் கம்பெனிக்கு மனு அனுப்பினார்கள், உற்பத்தி கூடியது. எந்தக் காப்புரிமைப் பத்திரத்திலும் இந்தக் கையெழுத்துகள் இல்லை.

இனி நம் ஊர்க் கதை. 1970ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். டங்கல் திட்டத்தை எதிர்த்து மூத்த தோழர்கள் சுவரொட்டி ஒட்டியது இந்தச் சட்டம் போய்விடும் என்றுதான். போகத்தான் செய்தது. 1998இல் நோவார்ட்டிஸ் சென்னையில் விண்ணப்பித்தது. 2003இல் தனி விற்பனை உரிமை கிடைத்தது. இந்தியக் கம்பெனிகள் மாதம் சுமார் 10,000 ரூபாய்க்குள் கொடுத்ததை அது சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. ஏழை நோயாளிகள் பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் தானத்தை நிறுத்தினால் வழக்குப் போட முடியாது.

2005 சட்டத் திருத்தத்தில் 3(டி) பிரிவு வந்தது. தெரிந்த பொருளின் புது வடிவம், திறன் கூடினாலொழிய, கண்டுபிடிப்பு ஆகாது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) செல்லாது என்று நோவார்ட்டிஸ் போட்ட வழக்கை 2007 ஆகஸ்ட் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன். (பின்னவர் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்.) 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. உடம்பு 30 சதம் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பது மட்டும் குணப்படுத்தும் திறன் கூடியதற்கு நிரூபணம் ஆகாது என்றது. கைனேஸை அடைக்கும் மூலக்கூறையே மறுத்துவிட்டார்கள் என்று நம்மில் சிலர் எழுதுவது தப்பு. வழக்கு அதன் உப்பின் ஒரு படிக வடிவத்தைப் பற்றியது. அந்த மூலக்கூறின் மூலக் காப்புரிமை 1995க்கு முந்தியது, இங்கே அதற்கு இடமே இல்லை.

மாத்திரை வந்த பிறகு அந்தக் கைனேஸின் ஜீன் நகல் ஓர் எண்ணாகிவிட்டது. மருந்து சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் அது 0.1 சதத்துக்குக் கீழே இறங்கியதா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், இரண்டு வருஷத்துக்கு மேலாக எண் தட்டுப்படாதவர்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பத்தில் நாலு பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்கள் திரும்ப மாத்திரைக்குப் போனார்கள். நிறுத்திப் பார்ப்பதற்கு அந்தச் சோதனையை முதலில் மாதாமாதம் செய்தாக வேண்டும். மாத்திரை மலிந்ததாலேயே சோதனை மலிந்துவிடாது. அதைப் பற்றி 3(டி)யில் ஒன்றும் இல்லை.