செப்டம்பர் 5

செப்டம்பர் 5, கிரெகொரியன் நாட்காட்டியில் ஆண்டின் 248ஆம் நாள். நெட்டாண்டில் 249ஆம் நாள். இந்தியாவில் ஆசிரியர் நாள்.

பிறப்புகள்: வ. உ. சிதம்பரம் பிள்ளை (1872, ஒட்டப்பிடாரம்), விடுதலைப் போராட்ட வீரர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் செலுத்தியவர். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (1888, திருத்தணி), மெய்யியல் பேராசிரியர். இந்தியாவின் முதல் குடியரசுத் துணைத்தலைவர் (1952–62), இரண்டாம் குடியரசுத் தலைவர் (1962–67). இவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் இந்நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவர் பிறந்தபோது சென்னை மாகாணத்தில் இருந்த திருத்தணி, 1953இல் சித்தூர் மாவட்டத்துடன் ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது, ம. பொ. சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆகவே 1954இல் இவர் பாரத ரத்னா பெற்றபோது பிறந்த ஊர் ஆந்திரத்தில் இருந்தது.

இறப்புகள்: நீர்ஜா பனோட் (1986), கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தின் பணிப்பெண், பயணிகளைக் காக்கும்போது கொல்லப்பட்டார், அன்னை தெரசா (1997, கொல்கத்தா), இதழாளர் கௌரி லங்கேஷ் (2017, பெங்களூரு).

நிகழ்வுகள்: மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய அணியினர் பிணைக்கைதிகளாக்கப்பட்டனர் (1972), வாயேஜர் 1 விண்கலம் ஏவப்பட்டது (1977).